பத்தாங்கட்டை எங்கே? சாலையோர நினைவுக்கற்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

என் அப்பா சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தை இன்றும் பத்தாங்கட்டை என்றுதான் சொல்வார். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் "பத்தாங்கட்டை வந்தா எழுப்பு" என்று கண்ணை மூடிக்கொள்வார். போன மாதம் எங்களோடு வந்த அக்காள் மகள், உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், சன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அந்தக் கட்டை எங்க இருக்கு?"

கட்டை இல்லை. முன்பு இருந்தது. மைல்கல்லைத்தான் நம்மவர்கள் இங்கேயும் மலாயாவிலும் கட்டை என்றார்கள். மலாய்க்காரர்கள் பத்து என்றார்கள். அது எண்ணைக் குறிக்கும் பத்து அல்ல, கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். பத்துமலையில் இருப்பதும் அதே சொல்தான். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த தலைமை அஞ்சலகத்திலிருந்து, அதாவது இன்றைய ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கும் இடத்திலிருந்து, மைல் கணக்கு தொடங்கியது. அங்கிருந்து பத்து மைல், சுமார் 16 கிலோமீட்டர் போனால் பத்தாங்கட்டை. புக்கிட் தீமாவில் இன்று பியூட்டி வோர்ல்ட் ரயில் நிலையம் இருக்கும் பகுதி ஏழாங்கட்டை. 1970களில் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது. மைல் போனது, மைல்கல்லும் போனது. அந்த எண்ணைத் தன் பெயரில் தாங்கியிருந்த டென் மைல் ஜங்ஷன் இலகு ரயில் நிலையமும் 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அப்பாவின் வாயில் மட்டும் அது நிலைத்துவிட்டது.

அவள் கேள்விக்குப் பேருந்திலேயே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளை ஆற்றோரம் அழைத்துப் போனேன். சாலையோரத்தில் நிற்கும் கல், தூண், பலகை இவற்றையெல்லாம் எப்படிப் படிப்பது என்று அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெயரும் பீடும்

நினைவுக்குறி என்றால் என்ன? இங்கே ஒன்று நடந்தது, அல்லது இங்கே ஒன்று இருந்தது என்று வழிப்போக்கனுக்குச் சொல்ல நிறுத்தி வைத்த அடையாளம். அவ்வளவுதான். அது கல்லாக இருக்கலாம், செப்புத் தகடாக இருக்கலாம், இரும்புக் கம்பத்தில் மாட்டிய பலகையாகவும் இருக்கலாம்.

இதை மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்கு இது மிகப் பழையது. போரில் விழுந்த வீரர்களுக்குப் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, அதர்தோறும் நடுகல் நின்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அதர் என்றால் வழி. வழிதோறும் கல் நின்றிருக்கிறது. இந்த 'பெயரும் பீடும்' என்ற சொற்றொடரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் எந்தப் பலகையிலும் இந்த இரண்டும்தான் இருக்கும்: யாருடைய, எதனுடைய பெயர் என்பது ஒன்று, அதற்கு என்ன பெருமை என்பது மற்றொன்று.

சாலைக்கே கல்வெட்டு வைத்ததும் உண்டு. கோயம்புத்தூர் பக்கம் சுண்டக்காமுத்தூர் அருகே, பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் பழைய தடத்தை ஒட்டிய பாறையில், இராசகேசரிப் பெருவழி என்று சாலையின் பெயரைப் பொறித்து ஒரு வெண்பாவும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இரண்டு முறை. ஆதித்த சோழன் காலத்தது என்று கொள்கிறார்கள். பெயரிட்ட ஒரு நெடுஞ்சாலைக்குச் சாலையோரத்திலேயே வைத்த கல்வெட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு கல் என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதியமான் பெருவழியில், நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று சொல்லும் கல் அது. எண்ணைத் தமிழ் எண்ணாக எழுதியதோடு நிற்கவில்லை. கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்துத் தெரியாத வண்டிக்காரனும் இருட்டில் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு சாலைப் பலகை யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

இதே பழக்கம் மோட்டார் வண்டிக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 1913இல் லிங்கன் நெடுஞ்சாலை என்று ஒரு வழிக்குப் பெயர் வைத்தார்கள். 1926இல் அரசாங்கம் நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண் கொடுத்தது. இனி பெயர் இல்லை, வெறும் எண்தான் என்று ஆனபோது, 1928 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் சாரணர் பையன்கள் வழிநெடுகச் சுமார் 3,000 சிமெண்டுக் கம்பங்களை நட்டார்கள். ஒவ்வொன்றிலும் லிங்கன் முகம் பொறித்த சிறு பதக்கம், இந்த நெடுஞ்சாலை ஆபிரகாம் லிங்கனுக்கு அர்ப்பணம் என்ற வரி. கவனியுங்கள்: பெயர் புழக்கத்தில் இருந்தவரை அத்தனை கம்பங்கள் தேவைப்படவில்லை. பெயர் நழுவப் போகிறது என்றதும் கம்பம் வந்தது.

இதுதான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. இருப்பதற்கு யாரும் நினைவுக்கல் வைப்பதில்லை. போய்விட்டதற்கோ போகப் போவதற்கோதான் வைப்பார்கள். வழியில் பலகை ஒன்றைப் பார்த்தால், இங்கே எது இல்லாமல் போனது என்று முதலில் கேளுங்கள்.

ஆற்றோரம் ஒரு நடை

ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி ஃபுல்லர்ட்டன் பக்கம் வந்தோம். 1928இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் தூண்களைக் காட்டி, "தாத்தாவோட கட்டையெல்லாம் இந்த இடத்திலேர்ந்துதான் எண்ணுனது" என்றேன். அவள் கைப்பேசியில் புக்கிட் பாஞ்சாங்குக்குத் தூரம் பார்த்தாள். தாத்தா கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

பக்கத்திலேயே கேவனா பாலம், 1869இல் முடிந்தது. பாலத்தின் முனையில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை இருக்கிறது. பாரம் ஏற்றிய நிலையில் மூன்று ஹண்டர்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டியும், ஆடுமாடு குதிரைகளும் பாலத்தில் போகக்கூடாது என்று சொல்கிறது. மூன்று ஹண்டர்வெயிட் என்றால் சுமார் 152 கிலோ. இதை வைத்தவர்கள் வரலாறு சொல்ல வைக்கவில்லை, போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வைத்தார்கள். மாட்டு வண்டி போன பிறகும் பலகை நின்றது, நின்றதாலேயே நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. நினைவூட்டுவதற்கென்றே வைத்தவற்றை விட இப்படித் தன் பாட்டுக்குத் தங்கிவிட்டவற்றை நான் அதிகம் நம்புவேன். யாரையும் புகழும் நோக்கம் அவற்றுக்கு இல்லை.

பாலத்தைக் கடந்தால் டல்ஹவுசி தூண். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி பிரபு 1850இல் இங்கே வந்துபோனதைக் குறிக்க எழுப்பியது. ஜான் டர்ன்புல் தாம்சன் வடிவமைத்தார். முதலில் நின்ற இடம் இதுவல்ல, நகர வேலைகளுக்காக இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நான்கு மொழிகளில் வாசகம் இருக்கிறது: ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ்.

தமிழ்ப் பக்கத்துக்கு முன்னால் அவளை நிற்க வைத்தேன். இன்று நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்கிறோம். அப்படி ஒரு சட்டம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இந்தத் தூண். இங்கே இறங்கும் ஆளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் தமிழிலும் சொல்ல வேண்டியிருந்தது. படகுக்காரர், வட்டிக்கடைச் செட்டியார், மாட்டு வண்டிக்காரர், கைதி என்று அத்தனை பேர் தமிழ் பேசினார்கள் இந்தக் கரையில். தூண் பிரபுவுக்காகத்தான் நிற்கிறது, ஆனால் அதன் தமிழ்ப் பக்கம் நம்மவர்களுக்கும் சாட்சி சொல்கிறது.

அடுத்து, ஆற்றோரம் வெள்ளைச் சிலையாக நிற்கும் ராஃபிள்ஸ், பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1887இல் செய்த வெண்கலச் சிலையைப் பார்த்து 1972இல் வார்த்து வைத்தது. பீடத்தில் நான்கு மொழிகளிலும் வாசகம் உண்டு. 1819 ஜனவரி 28ஆம் தேதி ராஃபிள்ஸ் இங்கே முதலில் கரையிறங்கினார், பெயர் தெரியாத மீனவக் கிராமத்தைப் பெரிய துறைமுகமாகவும் நவீன மாநகராகவும் ஆக்கினார் என்பது சாரம்.

இந்தப் பீடத்தின் முன் கால் மணி நேரம் நின்றோம். படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் தேதி. கப்பல்கள் 28ஆம் தேதி தீவுக்கு வெளியே நங்கூரமிட்டன, ராஃபிள்ஸ் கரையிறங்கியது 29 என்று பல வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கல்லில் பொறித்துவிட்டதால் மட்டும் தேதி சரியாகிவிடாது. இரண்டாவது, 'பெயர் தெரியாத மீனவக் கிராமம்'. 1984 முதல் ஃபோர்ட் கேனிங் குன்றிலும் சுற்றுப்புறத்திலும் தோண்டியதில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான், கண்ணாடி, காசு என்று கிடைத்துக்கொண்டே இருந்தன. ராஃபிள்ஸுக்கு 500 ஆண்டுகள் முன்பே இங்கே வணிகத் துறைமுகம் இருந்தது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். பீடத்தை எழுதிய 1972இல் அந்தத் தோண்டுதல் நடக்கவில்லை. ஆகவே பலகை பொய் சொல்கிறது என்று கோபப்பட வேண்டாம். ஒவ்வொரு பலகையும் இரண்டு காலத்தைப் பேசும்: தான் குறிக்கும் காலம் ஒன்று, தான் எழுதப்பட்ட காலம் ஒன்று. மூலையில் எங்காவது வைத்த ஆண்டு இருக்கும், அதை முதலில் தேடுங்கள்.

செயப்பாட்டு வினை

தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டு வினை என்று படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். பலகை படிக்க அது மிகத் தேவை.

"இச்சாலை 19ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது." இப்படி ஒரு வரியை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்! அமைக்கப்பட்டது, திறந்து வைக்கப்பட்டது, பெயரிடப்பட்டது. திறந்து வைத்தவர் யார் என்று பெரும்பாலும் அடுத்த வரியில் வந்துவிடும். பெயருக்குரியவர் யார் என்றும் வந்துவிடும். அமைத்தவர் யார் என்பது மட்டும் அந்தப் 'பட்டது'க்குள் புதைந்து கிடக்கும்.

சிங்கப்பூரில் அந்தக் கைகள் யாருடையவை என்று தெரியும். 1825இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதல் கூட்டம் கொண்டுவரப்பட்டது. சென்னை, வங்காளம், பம்பாய் மாநிலங்களிலிருந்து பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1830களில் ஜார்ஜ் கோல்மன் பொதுப்பணிகளுக்குப் பொறுப்பேற்று நார்த் பிரிட்ஜ் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் போட்டது அவர்கள் உழைப்பால். சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், கல் உடைத்தார்கள், காடு வெட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும் எழுப்பினார்கள். சிராங்கூன் சாலையில் அவர்கள் சுட்ட செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. 1873இல் மிஞ்சியிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். தண்டனை முடிந்த பலர் இங்கேயே தங்கிக் குடும்பமானார்கள்.

கைதிகளுக்குப் பிறகு கூலிகள். நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் சாலைக் கூட்டங்களில் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். என் தாத்தாவும் ரோட்டு வேலைக்காரர். கொதிக்கிற தாரை நீண்ட கைப்பிடி அகப்பையில் மொண்டு ஊற்றிய ஆள். காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பார்களாம். வீடு வந்தால் பாட்டி மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கணுக்காலைத் தேய்த்து விடுவாளாம். அப்பா சொல்லக் கேட்டது. எந்தச் சாலை என்று கேட்டால், "எல்லா ரோட்டுலயும் ஒரு பிடி நம்மளுது" என்று தாத்தா சொல்வாராம்.

அதனால்தான் இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சிங்கப்பூரில் தமிழனாக ஒரு பலகையைப் படிக்கும்போது, பட்டது என்று முடியும் ஒவ்வொரு வினையையும் செய்வினையாக்கிப் பார்க்க வேண்டும். யார் அமைத்தார்? எழுவாய் கிடைக்கும்வரை தேட வேண்டும்.

சட்டம் காப்பதும் பலகை சொல்வதும்

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு, அதைத் தீர்த்துவிட்டு நடையைத் தொடர்கிறேன். தேசிய நினைவுச்சின்னம் வேறு, வரலாற்றுத் தலப் பலகை வேறு. தேசிய நினைவுச்சின்னம் என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் அந்தக் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நினைத்தபடி இடிக்க முடியாது. 1973இல் முதலில் அறிவித்த எட்டில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒன்று. வரலாற்றுத் தலப் பலகை அப்படி இல்லை. தேசிய மரபுடைமைக் கழகம் வைக்கும் பலகை, இங்கே இது நடந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். பல இடங்களில் காப்பதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

சாலையையே காக்கும் ஏற்பாடும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மண்டாய் சாலை, லிம் சூ காங் சாலை, ஆர்கேடியா சாலை, மவுண்ட் பிளசண்ட் சாலை, சவுத் போனா விஸ்தா சாலை ஆகிய ஐந்தும் மரபுடைமைச் சாலைகள். இருபுறமும் மரங்கள் கவிந்து நிற்கும் அழகுக்காகத் தேசியப் பூங்காக் கழகம் காக்கிறது. சாலையின் இருமருங்கும் பத்து மீட்டர் அகலத்துக்குப் பசுமையைத் தொடக்கூடாது. மண்டாய் சாலையில் ஒரு முறை மழைக்குப் பின் போய்ப் பாருங்கள்.

இன்னொரு வகை, ஒரு காலத்தில் சாலையில் நடந்ததைக் குறிப்பது. பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒரு சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். ஏழு பேர் உயிரிழந்த வளைவுகள் கொண்ட தடம் அது. இன்று குரங்குகள் உட்கார்ந்திருக்கும் அமைதியான காட்டுச் சாலை.

எஸ்பிளனேட் பூங்கா

ராஃபிள்ஸ் சிலையிலிருந்து எஸ்பிளனேட் பூங்காவுக்குப் பத்து நிமிட நடை. கனாட் டிரைவ் சாலையோரமாக, மர நிழலில் இந்திய தேசிய ராணுவ நினைவிடக் குறி இருக்கிறது. 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கே அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்களை அந்தத் தூண் தாங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்து இடித்துத் தள்ளினார்கள். 1995இல், போர் முடிந்து 50 ஆண்டு நிறைவில், தீவெங்கும் போர்க்காலத் தலங்களுக்குப் பலகை வைத்தபோது இதையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு வைத்த பலகைகள் பல, விரித்த புத்தகம் போன்ற வடிவத்தில் இருக்கும். சிங்கப்பூரில் எங்காவது சாலையோரம் கல்லில் விரித்த புத்தகத்தைப் பார்த்தால் போர்க் கதை என்று தெரிந்துகொள்ளலாம்.

தோட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ தமிழ் இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களும் இந்தப் படையில் இருந்தார்கள். அந்த ஒரு பலகையின் முன் அக்காள் மகள் சத்தம் போட்டுப் படித்தாள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நம்மவர்தான், எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பலகையில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது, சரியாக இருக்க வேண்டும். 2014இல் லாவ் பா சாட் சந்தைக்கு வழிகாட்டும் ஒரு பலகையில் கடைசிச் சொல்லான Sat என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு 'லாவ் பா சனி' என்று எழுதியிருந்தார்கள். ஹொக்கியென் என்ற சீன வட்டார மொழியில் பழைய சந்தை என்று பொருள்படும் பெயர் அது. படம் பரவியதும் பலகையை எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தது நம் வாசகர்கள்தான். தமிழ்ப் பக்கத்தை நாம் படிக்காவிட்டால் வேறு யார் படித்துப் பிழை சொல்வார்கள்? புள்ளி விட்டுப்போனாலும் கால் மாறினாலும் படம் எடுத்து எழுதிப் போடுங்கள். கூச்சமே வேண்டாம்.

பெயர் தாங்கிய நெடுஞ்சாலை

பூங்காவைத் தாண்டி வடகிழக்கே போனால் நிக்கல் நெடுஞ்சாலை. சிங்கப்பூரில் விரைவுச்சாலைகள் பல உண்டு, நெடுஞ்சாலை என்று பெயர் தாங்கியவை மிகச் சில. 1952 முதல் 1955 வரை ஆளுநராக இருந்த ஜான் நிக்கலின் பெயர் இதற்கு. 1956 ஆகஸ்ட் 17ஆம் தேதி திறந்தார்கள். அதே நாளில், அதே சாலையில், காலாங் ஆற்றைக் கடக்கும் மெர்டேக்கா பாலத்தையும் திறந்தார்கள். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். சுயாட்சி கிடைக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்த நேரம் அது. காலனித்துவ ஆளுநரின் பெயர் சாலைக்கு, சுதந்திரத்தின் பெயர் அதன் பாலத்துக்கு. வண்டியில் போகிறவன் ஒரே நிமிடத்தில் இரண்டையும் கடந்து போகிறான். அந்தக் காலத்து இழுபறியை இந்த இரண்டு பெயரும் சேர்ந்து சொல்வதுபோல எந்தப் பலகையும் சொல்லாது.

பாலத்தின் இரு முனையிலும் கல் சிங்கங்கள் நின்றன. பிள்ளைகளைச் சிங்கத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காத குடும்பம் அன்று குறைவு. 1966இல் சாலையை அகலப்படுத்தியபோது சிங்கங்களை எடுத்துவிட்டார்கள். இடம் மாறி மாறிப் போய், இன்று சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்தில் இருக்கின்றன. சாலைக்கென்று செய்த நினைவுக்குறி சாலையை விட்டுப் பிரிந்து தீவின் மேற்குக் கோடியில் நிற்கிறது. இது எனக்கு வருத்தம்தான். பாதுகாப்பாக இருக்கின்றன என்பது ஆறுதல்.

இந்தச் சாலையில் இன்னொரு நாளும் உண்டு. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்டப் பாதை ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய இடத்தில் தாங்கு சுவர் சரிந்து நெடுஞ்சாலை உள்வாங்கியது. நான்கு பேர் இறந்தார்கள், ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை. உடன் வேலை செய்தவர்களை மேலே ஏறச் சொல்லி அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளர் அவர். சாலையை அந்த ஆண்டு டிசம்பரில் திறந்தார்கள். ரயில் நிலையத்தை வேறு இடத்துக்கு நகர்த்திக் கட்டி 2010இல் திறந்தார்கள். இன்று நிக்கல் நெடுஞ்சாலை நிலையத்தில் இறங்குகிறவர்கள் சாலை ஏன் இப்படி இருக்கிறது, நிலையம் ஏன் இங்கே இருக்கிறது என்று யோசித்தால், அதற்குப் பின்னால் இந்த நாள் இருக்கிறது.

பெயர் வைப்பதிலும் இழப்பு உண்டு என்பதற்கு லோர்னி நெடுஞ்சாலையைச் சொல்வேன். 1922 முதல் 1973 வரை புழக்கத்தில் இருந்த புக்கிட் பிரவுன் சீன இடுகாட்டின் ஊடே போட்ட சாலை. சுமார் 4,000 கல்லறைகளைத் தோண்டி அகற்றினார்கள். 2018 அக்டோபரில் முதல் பகுதி திறந்தது. பெயர் மட்டும் பக்கத்திலிருந்த லோர்னி சாலையிலிருந்து வந்தது. இடுகாட்டின் பெயரையே நெடுஞ்சாலைக்கு வைத்திருந்தால், தினமும் போக்குவரத்துச் செய்தியில் அந்தப் பெயர் ஒலித்துக்கொண்டிருக்கும், தனியாகப் பலகை எதுவும் வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். மிஞ்சிய பகுதியில் இன்றும் நடக்கலாம். செல்வந்தர் கல்லறைகளுக்குக் காவலாகத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்பதைப் பார்க்கலாம்.

நாங்கள் மெர்டேக்கா பாலம் வரை நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். பார்த்தால், அன்று படித்த பலகைகளின் 'பட்டது' வரிகளையெல்லாம் எழுதி, பக்கத்தில் எழுவாய்க்கு இடம் விட்டிருந்தாள். சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நேரே மட்டும் நிரப்பியிருந்தாள்: கைதிகள் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தாத்தாவிடம் போனாள். கட்டைக் கணக்கு கேட்டு எழுதத் தொடங்கினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்று சொல்லச் சொல்ல, அவள் அந்தந்த இடத்தின் இன்றைய பெயரைத் தேடிப் பக்கத்தில் எழுதினாள். இரண்டு இடங்களில் அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தொலைபேசியை எடுத்துத் தன் பழைய கூட்டாளியைக் கூப்பிட்டு, "நாயர் கடை இருந்துச்சே, அது எத்தனாவது கட்டை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.